அந்நிய ஊரில் ஊத் வாசிக்கப் போகும் பிள்ளைகளுக்கு

வளைகுடா நாடுகளில் வளர்ந்த நம் பிள்ளைகள் சிலர் இப்போது ஊத் என்ற தந்தி வாத்தியத்தைக் கற்றுக்கொள்கிறார்கள். மஸ்கட்டிலும் துபாயிலும் சின்ன வயதில் காதில் விழுந்த ஓசை அவர்களை விடவில்லை. கொஞ்சம் கை வந்ததும் என்னிடம் இரண்டு கேள்வி கேட்பார்கள். இதை வைத்துப் பிழைக்க முடியுமா? தன் பாட்டை அறியாதவர்கள் நடுவில் ஒரு கலைஞன் எப்படி நிற்பது? இரண்டுக்கும் நான் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் வேர்விட்ட ஆர்மீனிய ஊத் கலைஞர்களின் வாழ்க்கையைப் படியுங்கள். 1915-ல் தொடங்கிய இனப்படுகொலைக்குத் தப்பி ஊர் ஊராகச் சிதறிய மக்கள் அவர்கள். திரும்பிப் போக ஊர் இல்லாத நிலையில், தேவாலயக் கூடங்களிலும் கல்யாண வீடுகளிலும் இந்த வாத்தியத்தை மூன்று தலைமுறையாக உயிரோடு வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஆரா டிங்க்ஜியனை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வேன். 1958-ல் அமெரிக்காவிலேயே பிறந்தவர், ஊத் கலைஞர், இசையமைப்பாளர். அவருடைய மெட்டுகளைக் கிரீஸிலும் துருக்கியிலும் தங்கள் சொந்தப் பாட்டாகவே பாடுகிறார்கள். அந்த இடத்துக்கு அவர் வந்த வழி நேர்வழி. ஆனால் நீளமான வழி.

1. முதலில் வாத்தியத்தைச் சாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊத் மெல்லிய மரச் சீவல்களை வளைத்து ஒட்டிச் செய்தது. பேரிக்காயைப் பிளந்த மாதிரி வயிறு, மேலே சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள பலகை, பின்னோக்கி மடிந்த தலை, குட்டைக் கழுத்து. கழுத்தில் விரலுக்கு இடம் காட்டும் மெட்டுக்கட்டைகள் கிடையாது. பெரும்பாலான ஊத் வாத்தியங்களில் 11 தந்திகள்: ஐந்து இணைகள், கீழ் சுரத்துக்கு ஒற்றைத் தந்தி ஒன்று. இத்தனை இழுவிசையையும் பலகைமேல் பசையால் ஒட்டிய ஒரு குதிரை தாங்குகிறது. குளிர்நாட்டில் ஹீட்டர் போட்ட அறையில் காற்று வறண்டால் பலகை கீறும், பிரடை வழுக்கும். கோடையில் காருக்குள் விட்டால் பசை இளகிக் குதிரை பெயர்ந்துவிடும். அறையில் ஈரப்பதமானி ஒன்று வையுங்கள். 45 முதல் 50 சதவீதம் வரை இருந்தால் நிம்மதி.

பழைய பெயருக்கு மயங்கிக் கடன் வாங்காதீர்கள். இஸ்தான்புல்லில் வாழ்ந்த மானோல் என்ற கிரேக்கக் கைவினைஞர் (1845-1915) செய்த வாத்தியங்களை ஆர்மீனியக் கலைஞர்கள் பொன்போலப் போற்றுகிறார்கள். அவை உங்கள் இருபதாவது ஆண்டில் கைக்கு வரட்டும். அதைவிட முக்கியம், பக்கத்தில் பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரை அறிந்துவைப்பது. மாசசூசெட்ஸ் மாநிலத்து பெல்மான்ட் ஊரில் பீட்டர் கிவெலோஸ் என்ற கிரேக்க அமெரிக்கர் ஒரு சின்னக் கடையில் ஊத் செய்தார், பழுதும் பார்த்தார். அந்த வட்டாரத்து ஆர்மீனிய, அரபு, கிரேக்கக் கலைஞர்கள் எல்லாருக்கும் அந்தக் கடைதான் புகலிடம். 2001-ல் அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம் அவருக்கு மரபுக் கலைஞர் விருது கொடுத்தது. மேடையில் இருப்பவனுக்குப் பின்னால் இப்படி ஒரு கை எப்போதும் உண்டு.

2. மணிக்கட்டு.

மிஸ்ராப் என்பது தந்தியை மீட்டும் நீண்ட, வளையக்கூடிய பட்டை. அந்தக் காலத்தில் கழுகின் இறகுத் தண்டு. இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். கிதார் வாசித்துவிட்டு வருகிறவர்கள் அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நுனியில் பிடித்துக்கொண்டு சுரண்டுவார்கள். அப்படிச் செய்தால் ஓசை தகரம்போல வரும். மிஸ்ராப் உள்ளங்கைக்குள் படுத்திருக்க வேண்டும். வால் பகுதி மடங்கிய விரல்களின் ஊடாக மறுபக்கம் போக வேண்டும். முன்கை வாத்தியத்தின் விளிம்பில் சாய்ந்து அதை உடம்போடு சேர்த்து நிறுத்தும். அப்போது மணிக்கட்டு ஊசலாட இடம் கிடைக்கும். கீழ்நோக்கிய அடி கையின் எடையிலேயே விழட்டும். ஓர் இணையின் இரண்டு தந்திகளும் ஒரே ஓசையாகக் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்காவிட்டால் மிஸ்ராப் ஒரு தந்தியைத் தொட்டு மற்றதை விட்டுவிடுகிறது.

தந்தியைப் பார்க்க வாத்தியத்தை மடியில் மல்லாக்காதீர்கள். மெட்டுக்கட்டை இல்லாத கழுத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஆர்மீனியக் கலைஞர் உதி ஹ்ராந்த் கெங்குலியான் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். இஸ்தான்புல்லின் ஊத் உலகத்தை மாற்றியவர்களில் ஒருவர். அவருக்கு முன் மிஸ்ராப் பெரும்பாலும் கீழ்நோக்கி மட்டும் அடித்தது. மேலும் கீழுமாக ஓட்டுவது, இடது கை விரலாலேயே தந்தியைச் சுண்டுவது, இரண்டு சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது, இணைத் தந்தியில் ஒன்றை ஸ்தாயி மாற்றிச் சுருதி சேர்ப்பது ஆகியவற்றையெல்லாம் வழக்கத்துக்குக் கொண்டுவந்த பெருமையை அவருக்குத் தருகிறார்கள். விரல் போகிற இடத்தைக் காது சொல்லட்டும்.

3. ஆடுகிறவர்களுக்கு வாசியுங்கள். பல ஆண்டுகள் வாசியுங்கள்.

இதைத்தான் பிள்ளைகள் கேட்க விரும்புவதில்லை. கச்சேரி மேடைதான் வேண்டும் என்கிறார்கள். கல்யாணத்துக்கு வாசிப்பது தரம் தாழ்ந்ததாகத் தோன்றுகிறது. அமெரிக்க ஆர்மீனியக் கலைஞர்களில் பெரும்பாலோர் வளர்ந்த பள்ளிக்கூடமே ஆட்டக்கூடம்தான். 1940-களிலிருந்து பிலடெல்பியா, நியூயார்க், பாஸ்டன், டெட்ராய்ட், கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ என்று ஆர்மீனியர் இருந்த ஊர்களில் எல்லாம் கிளாரினெட், ஊத், தும்பெக் என்ற கைமுரசு, சில சமயம் கானூன் என்ற தந்தி வாத்தியம், வயலின் சேர்ந்த குழுக்கள் கிளம்பின. தேவாலயத் திருவிழா, கோடை விடுமுறை விடுதிகள், கல்யாணம், ஞானஸ்நானம் என்று நிகழ்ச்சி மாறினாலும் வாசிக்கிற குழு அதேதான். அந்தக் கொண்டாட்டத்துக்கு ‘கேஃப்’ என்று பெயர்.

அங்கே நடப்பதை உன்னிப்பாகப் பார்த்தால் ஒரு கலைஞனுக்குத் தேவையான பாதிப் படிப்பு கிடைத்துவிடும். ஆடுகிறவர்கள் சுண்டுவிரல் கோத்து வரிசையாக நிற்பார்கள். வரிசைத் தலைவர் கையில் கைக்குட்டை சுழலும். வாத்தியக்காரர் 10 எண்ணிக்கைத் தாளம் ஒன்றைத் தொடங்குவார். அதை 3, 2, 2, 3 என்று பிரிக்க வேண்டும். முதல் மூன்றில் உடம்பு முன்னே சாய்கிறது, நடுவிலுள்ள இரண்டு இரண்டுகளில் கால் தட்டுகிறது, கடைசி மூன்றில் வரிசை மூச்சுவிட்டுக்கொள்கிறது. அந்தக் கடைசி மூன்றை ஊத் வாசிப்பவர் அரைக்கால் மாத்திரை அவசரப்படுத்தினாலும் போதும். வரிசையின் கடைக்கோடியில் நிற்கும் பாட்டிக்குத்தான் முதலில் தடுமாறும். அவர் காலைப் பார்த்துக்கொண்டு வாசியுங்கள். உங்கள் லயத்தில் உள்ள குறையை எந்த ஆசிரியரும் அவ்வளவு சீக்கிரம் காட்ட முடியாது.

அப்புறம் நீளம். ஆட்டம் சூடு பிடித்துவிட்டால் ஒரே மெட்டை இருபது நிமிடம் வாசிக்க வேண்டிவரும். அலுப்புத் தட்டாமல் வாசிக்க மிஸ்ராப்பின் அடியை மாற்றலாம், ஒரு சுரத்தைத் தாமதிக்கலாம், கிளாரினெட்டுக்கு இடம்விட்டு அடித்தந்தியில் மட்டும் நிற்கலாம். பிற்காலத்தில் சொந்தமாக மெட்டுப் போடும்போது எது தாங்கும், எது தாங்காது என்பது இந்த இருபது நிமிடங்களில் விரலுக்குத் தெரிந்துபோயிருக்கும்.

நியூயார்க்கின் எட்டாவது அவென்யூவில் 1950-களிலும் 60-களிலும் இரவு விடுதிகள் வரிசையாக இருந்தன. அங்கே ஆர்மீனியரும் கிரேக்கரும் துருக்கியரும் அரபியரும் ஒரே மேடையில் வாசித்தார்கள். ஸ்மிர்னாவில் பிறந்த மார்கோ மெல்கான் போன்றவர்கள் துருக்கியிலும் கிரேக்கத்திலும் ஆர்மீனியத்திலும் பாடி, யார் மேசையில் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் ஊர்ப் பாட்டை அவர்களிடம் சேர்த்தார்கள். கேட்டவர் கண் கலங்கும் பாட்டு எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இதைவிடப் பெரிய வித்வத்தை நான் அறியேன்.

4. பாடகர் பின்னால் உட்காரப் பழகுங்கள்.

ஆராவின் தந்தை ஓனிக் டிங்க்ஜியன் பாடகர். தியார்பக்கிர் ஊரைச் சேர்ந்த பெற்றோருக்கு 1929-ல் பாரிஸில் பிறந்து, பின்னர் அமெரிக்கா வந்தவர். நாட்டுப்பாடல், தேவாலயக் கீதம் இரண்டிலும் அவர் குரல் அந்தச் சமூகத்துக்குச் சொத்து. மகன் சிறுவயதில் முதலில் தாள வாத்தியத்தோடுதான் தந்தைக்குப் பின்னால் உட்கார்ந்தார். பிறகு ஊத். உலகம் சுற்றி வந்த பிறகும் தந்தைக்கு வாசிப்பதை அவர் விடவில்லை.

பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் வாத்தியம் பேச வேண்டும். அவர் சொல்லை உச்சரிக்கும்போது மௌனமாக வேண்டும். இரண்டு பாட்டுக்கு நடுவே சுருதியை எடுத்துக்கொடுக்க வேண்டும். இந்தப் பழக்கம் உள்ளவர் மெட்டமைத்தால் அந்த மெட்டு பாடத் தகுந்ததாக இருக்கும். ஆராவின் வாத்திய இசைக்குப் பின்னாளில் பல மொழிகளில் சொல் கிடைத்ததற்கு இதுதான் காரணம் என்பது என் துணிபு. அவர் போட்ட வரிகள் மூச்சின் நீளத்துக்கு மேல் போவதில்லை.

5. பழைய இசைத்தட்டுகளைக் கேளுங்கள், ஒன்றையே நூறு முறை.

ஆரா 78 சுற்று இசைத்தட்டுகளைச் சேர்ப்பவர். சேகரிப்பது பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். குரு கையெட்டும் தூரத்தில் இல்லாத கலைஞனுக்கு இசைத்தட்டுதான் குருகுலம்.

உதி ஹ்ராந்த் 1901-ல் அடாபசாரி பக்கம் பிறந்தார். 1915-ல் குடும்பம் கோன்யாவுக்கு ஓடியது. ஊத் கற்றது அங்கே. பிறகு இஸ்தான்புல். 1950-ல் கண் சிகிச்சைக்கு வழி கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு அமெரிக்கா போனார். பார்வை வரவில்லை. ஆனால் போன இடமெல்லாம் வாசித்தார், பதிவு செய்தார். அந்த வாசிப்பைக் கேட்ட பிள்ளைகள் பலர் அதன் பிறகு ஊத் தவிர வேறொன்றையும் நினைக்கவில்லை. கலிபோர்னியாவில் 1937-ல் பிறந்த ரிச்சர்ட் ஹாகோபியன் அவரிடம் பாடம் கேட்டார். ஊத் விற்பன்னருக்குரிய ‘உதி’ என்ற பட்டத்தை ஹ்ராந்தே அவருக்குச் சூட்டினார். 1989-ல் அமெரிக்க அரசின் மரபுக் கலைஞர் விருது ஹாகோபியனுக்குக் கிடைத்தது. குரு வந்து தங்கிய காலம் கொஞ்சம். மீதியைக் காதுதான் செய்தது.

கேட்கும்போது முதல் நாள் மிஸ்ராப்பை மட்டும் கேளுங்கள். அடுத்த நாள் சுரங்களுக்கு நடுவில் உள்ள சறுக்கல். அப்புறம் மௌனங்கள். பிறகுதான் விரலில் எடுத்துப் பாருங்கள். திரையில் வேகத்தைக் குறைத்து, விரலைப் பார்த்துக் காப்பியடிக்கிற இன்றைய வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. விரல் வந்துவிடுகிறது, காது வராமல் போகிறது.

6. தக்சீம் வாசிக்க அவசரம் வேண்டாம்.

நம் ராகம் போன்ற ஒரு மகாமைத் தாளக்கட்டு இல்லாமல் அந்தக் கணத்துக் கற்பனையில் விரித்துக் காட்டுவது தக்சீம். நம் ஆலாபனையின் உறவு. எல்லாச் சுரத்தையும் முதல் நிமிடத்திலேயே காட்டிவிட்டால் மீதி நேரத்துக்கு என்ன செய்வீர்கள்? ஹுசைனி மகாம் ஐந்தாம் சுரத்தில் நிற்க ஆசைப்படும். அங்கே போய் நில்லுங்கள், சுற்றுப்புறத்தைப் பாருங்கள், அப்புறம் மெல்ல இறங்கி வீட்டுக்கு வாருங்கள். இரண்டு நிமிடம் போதும்.

7. எழுதவும் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

காதுதான் குரு என்று சொன்னவன் இப்படிச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். சொல்லலாம். இஸ்தான்புல்லில் வாழ்ந்த ஆர்மீனியர் ஹம்பார்ட்சும் லிமோன்ஜியன் (1768-1839) ஓர் இசைக்குறியீட்டு முறையை உருவாக்கினார். ஆர்மீனியத் தேவாலயக் கீதங்களோடு ஒட்டோமான் அரசவை இசையின் ஏராளமான உருப்படிகளும் அதில் எழுதப்பட்டதால்தான் பிழைத்தன. ஒரு மக்களின் குறியீடு, அடுத்தவர் இசையையும் காப்பாற்றியிருக்கிறது.

இன்னொரு வாத்தியமும் வேண்டும். அமெரிக்க ஆர்மீனிய ஊத் கலைஞர் ஜார்ஜ் மிக்ர்டிச்சியன் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் கிளாரினெட் படித்தவர். மேற்கத்திய இசைக்குழுவோடு உட்கார்ந்து ஊத் வாசிக்க அவருக்கு அந்தப் படிப்பு கைகொடுத்தது. ஆரா பியானோ, கிதார், கிளாரினெட் எல்லாம் வாசித்தபின் ஹார்ட்ஃபர்ட் நகரில் உள்ள ஹார்ட் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். 1980-ல் ஊத் வாத்தியத்தையே சிறப்புப் பாடமாகக் கொண்டு பட்டம் பெற்றார். அப்படி ஒரு பாடம் அதற்கு முன் அங்கே இருந்ததில்லை. வாத்தியத்துக்குப் பாடத்திட்டம் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

பயிற்சிக்கு ஆர்மீனிய இசையமைப்பாளர் தாதியோஸ் எஃபெந்தியின் (1858-1913) ஹுசைனி சாஸ் செமாயி என்ற வாத்திய உருப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பகுதிகள், ஒவ்வொன்றின் முடிவிலும் திரும்பி வரும் ஒரு பல்லவி. முதல் மூன்று பகுதிகள் 10 எண்ணிக்கையில் நடக்கும். நான்காவதில் நடை மாறி வேகம் பிடிக்கும். மெட்டமைப்பு என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் கிடையாது.

8. எந்த மொழிப் பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற சண்டைக்குள் உங்களை இழுப்பார்கள்.

இது எளிய விஷயம் இல்லை, எளிதாகப் பேசவும் கூடாது. அனத்தோலியாவிலிருந்து தப்பி வந்த ஆர்மீனியர் பலருக்குத் துருக்கி மொழியே வீட்டுப் பேச்சு. நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுத்த பாதிரியார் கோமிதாஸே கூடச் சிறுவயதில் துருக்கி பேசி வளர்ந்தவர். அந்தக் கோமிதாஸை 1915 ஏப்ரல் 24-ல் இஸ்தான்புல்லில் கைது செய்தார்கள். உயிர் தப்பினாலும் மனம் உடைந்து, 1935-ல் பாரிஸில் இறந்தார். இப்படிப்பட்ட நினைவு உள்ள சமூகத்தில், அமெரிக்காவில் பிறந்த பேரப்பிள்ளைகள், “தாத்தாவைக் கொன்றவர்களின் மொழியில் ஏன் பாடுகிறோம்?” என்று கேட்டதில் நியாயம் உண்டு. கேஃப் குழுக்கள் வரவர ஆர்மீனியப் பாடல்களைக் கூடுதலாக எடுத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு பக்கம், சோவியத் ஆர்மீனியாவில் துதுக்கும் தாரும் கமாஞ்சாவும் தேசிய வாத்தியங்களாக உயர்ந்தன. ஊத் அங்கே ஓரமாகத்தான் நின்றது. ஆக, புலம்பெயர்ந்த ஊத் கலைஞன் இரண்டு பக்கத்துக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கோபத்தை மதியுங்கள். வரலாற்றை முழுசாகப் படியுங்கள், யார் கேட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் மகாமை வெட்டி எல்லை போடாதீர்கள். ஹ்ராந்தின் புகழ்பெற்ற பாடல்கள் துருக்கி மொழியில் உள்ளன. அவற்றை விட்டுவிட்டால் ஹ்ராந்தையே விட்டுவிட்டோம். ஆராவின் மெட்டுகளைத் துருக்கியின் பெரும் பாடகி செஸென் அக்சு பாடினார். அதே ஆரா, தந்தையோடு தியார்பக்கிர் போய், முன்னோர் துரத்தப்பட்ட ஊரில் ஆர்மீனியப் பாட்டுகளை வாசித்தார். ‘கரோத்’ என்ற ஆவணப்படம் இந்தத் தந்தையையும் மகனையும் பற்றியது, தேடிப் பாருங்கள். இரண்டு காரியத்தையும் செய்ய ஒருவருக்குத் தைரியம் வேண்டும், வாத்தியத்தின்மேல் பூரண நம்பிக்கை வேண்டும்.

வேற்று மண்ணிலிருந்தபடி தன் மொழியையும் கலையையும் பேணுவது ஆர்மீனியருக்குப் பழகிய வேலை. உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794-ல் நம் சென்னையில் அச்சானது. பாரிமுனைப் பக்கம் போனால் ஆர்மீனியன் தெருவில் அவர்களுடைய தேவாலயத்தை ஒரு நடை எட்டிப் பாருங்கள்.

9. சொந்த மெட்டு.

பத்து ஆண்டு அடுத்தவர் பாட்டை வாசித்தபின் தொடங்குங்கள். முன்னதாக வந்தாலும் எழுதி வையுங்கள், மேடைக்குக் கொண்டுவராதீர்கள்.

ஆரா 1980-களின் நடுவில் ‘நைட் ஆர்க்’ என்ற குழுவை அமைத்தார். இஸ்தான்புல்லிலிருந்து வந்த ஆர்தோ துஞ்ச்போயாஜியன் தாள வாத்தியங்கள், அர்மென் டொனேலியன் பியானோ, மார்க் ஜான்சன் டபுள் பாஸ். 1986-ல் ‘பிக்சர்’, 1988-ல் ‘மொமென்ட்ஸ்’ என்று ஆர்சிஏ நிறுவனம் வழியாக இசைத்தொகுப்புகள் வந்தன. அதற்கு முன்பே, 1969-ல், அமெரிக்க ஆர்மீனிய ஊத் கலைஞர் ஜான் பெர்பெரியன் ‘மிடில் ஈஸ்டர்ன் ராக்’ என்ற தொகுப்பில் மின்கிதாருக்கு எதிரே ஊத் வாத்தியத்தை நிறுத்தியிருந்தார். அது வேகமும் உற்சாகமும் நிறைந்த சந்திப்பு. நைட் ஆர்க்கில் நடந்தது வேறு. நாலு பேர் ஒருவரையொருவர் கேட்டபடி தாழ்ந்த குரலில் பேசிக்கொண்ட இசை அது.

பியானோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊத் வாசிப்பதில் உள்ள சிக்கலை நீங்கள் நேரில் பட்டுத்தான் அறிவீர்கள். உஷ்ஷாக் மகாமின் இரண்டாம் சுரம் பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கோ இருக்கிறது. ஊத் அதைத் தொடும் அதே நொடியில் பியானோ பக்கத்துக் கட்டையை அழுத்தினால் காதில் முள் குத்தும். ஊத் சுரத்தைப் பியானோவுக்கு ஏற்ப நகர்த்தினால் மகாம் செத்துவிடும். வழி இரண்டு. ஒன்று, நிஹாவெந்த், குர்தி போன்ற, பியானோவோடு ஒத்துப்போகும் மகாம்களில் மெட்டை அமைப்பது. மற்றது, அந்தச் சுரம் வரும் இடங்களில் பியானோவை வெறும் அடிச்சுரத்தோடு நிறுத்தச் சொல்வது, அல்லது கையை எடுக்கச் சொல்வது. இசையமைப்பாளர் வேலையில் பாதி இப்படி யாரை எப்போது பேசாமல் இருக்கச் சொல்வது என்பதுதான்.

‘ஹோம்கமிங்’ என்ற ஆராவின் வாத்திய மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிரேக்கக் கவிஞர் லீனா நிகோலகோபூலு அதற்குச் சொல் எழுதினார். எலெஃப்தேரியா அர்வனிதாகி 1991-ல் ‘தினதா’ என்று பாடினார். கிரீஸில் அது கல்யாண வீடுவரை போய்விட்டது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் நிறைவு விழாவிலும் ஒலித்தது. மைதானத்தில் கூடவே பாடிய கூட்டத்தில், இதை அமைத்தவர் அமெரிக்காவில் வாழும் ஓர் ஆர்மீனிய ஊத் கலைஞர் என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? மனம் வருந்தக்கூடிய விஷயம் என்று நான் நினைக்கவில்லை. பாட்டியின் காலைப் பார்த்து வாசித்த பழக்கம் அங்கே வந்து பலித்தது. கேட்டவுடன் உடம்பு அசைகிறது, இரண்டாம் முறை வாய் முணுமுணுக்கிறது. அப்படி ஒரு மெட்டு உங்களிடமிருந்து வந்தால் போதும்.

புதுமை வேண்டும் என்று 7, 11, 13 எண்ணிக்கைகளை அடுக்கிக்கொண்டே போகும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். எண்ணிக்கையில் தவறில்லை. அடுக்கியபின் நீங்கள் அதைச் சமையலறையில் நின்றபடி பாடிப் பாருங்கள். பாட வராவிட்டால் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

10. மெட்டைப் பதிவு செய்யுங்கள்.

அமெரிக்காவில் ஆஸ்காப், பிஎம்ஐ, பிரான்சில் சாசெம், ஜெர்மனியில் கெமா என்று அந்தந்த நாட்டில் இசையமைப்பாளர் உரிமைச் சங்கங்கள் உண்டு. ஒன்றில் சேருங்கள். மெட்டு மேடைக்குப் போகும் முன்பே பெயரைப் பதியுங்கள். வேறு மொழியில் சொல் எழுத யாராவது கேட்டால் சந்தோஷமாகக் கொடுங்கள், பங்கு எவ்வளவு என்பதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு கொடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

11. பிழைப்பு.

பெரும்பாலோருக்கு ஊத் மட்டும் சோறு போடாது. அமெரிக்க ஆர்மீனியக் குழுக்களில் வாசித்தவர்கள் பலர் பகலில் வேறு வேலை பார்த்து, வார இறுதியில் வாத்தியம் எடுத்தவர்கள். அவர்களுடைய வாசிப்பில் அதனால் ஒரு குறையும் இல்லை. வாடகைக்குக் கவலைப்படாத கை கொஞ்சம் தைரியமாகவே வாசிக்கும். சந்தை உங்களுக்கு வேஷம் கட்டிவிடப் பார்க்கும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். 1950-களிலும் 60-களிலும் அருமையான ஊத் இசையை இடுப்பு நடனப் பெண்ணின் படம் போட்ட உறைக்குள் வைத்து விற்றார்கள். உள்ளே இருந்த இசை உண்மையாக இருந்ததால் இன்றும் தேடிக் கேட்கிறோம். அட்டைப்படம் உங்கள் கையில் இல்லாமல் போகலாம், உள்ளே இருப்பது உங்கள் கையில்தான்.

12. உங்கள் ஆசிரியரைப் பதிவு செய்யுங்கள்.

ரிச்சர்ட் ஹாகோபியனின் மகன் ஹெரால்ட் வளர்ந்து ‘ட்ரெடிஷனல் கிராஸ்ரோட்ஸ்’ என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அப்பாவின் குருவான ஹ்ராந்தின் பழைய பதிவுகளைச் சுத்தம் செய்து வெளியிட்டார். இன்று எந்த நாட்டுப் பிள்ளையும் ஹ்ராந்தைக் கேட்க முடிகிறதென்றால் அதில் இந்த வேலைக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆகவே, சொல்லிக்கொடுப்பவர் யாராக இருந்தாலும், அவர் பெயர் வெளியே தெரியாவிட்டாலும், அனுமதி கேட்டு ஒரு நல்ல மைக் வைத்து வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். கைபேசியை மேசைமேல் வைத்து எடுப்பது போதாது. மேசை அதிர்வும் சேர்ந்து பதியும். வாத்தியத்திலிருந்து இரண்டு அடி தள்ளி, ஓசைத் துளைக்கு நேரே வைக்காமல் கழுத்து சேரும் இடத்தை நோக்கி வையுங்கள். தக்சீம் ஒன்று, ஆட்டப்பாட்டு ஒன்று, அவர் தன் ஆசிரியரிடம் கற்ற உருப்படி ஒன்று. எடுத்தவுடன் தேதி, ஊர், மகாம், தந்திகளின் சுருதி, உடன் வாசித்தவர்கள் பெயர் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி அவர் வீட்டில்.